காலணி அறை எண் பதினேழு

அந்த விளையாட்டின் பள்ளிக்கூடத்தைக் கட்டியவள் நான்.
செங்கல் எதுவும் தூக்கவில்லை.
சப்போரோவில் நான்காவது மாடி,
ஹீட்டர் பாதி நேரம் செத்துக் கிடக்கும் அறை.
முதல் மணி எப்போது அடிக்க வேண்டும்,
மூன்றாம் முறை பேசினால் மட்டும்
வேதியியல் வாத்தியார் சொல்லும் கடிஜோக்,
மொட்டைமாடிக் கதவின் துரு:
எல்லாம் என் கைவேலை.

முந்நூற்றுப் பத்து உயிரிகள்.
உயிரேட்டில் ஒவ்வொன்றுக்கும் அறுபது எழுத்து இடம்.
அறுபத்தொன்று ஆனால் கட்டம் உடையும்,
ஓனோதெரா மேசையைத் தட்டுவார்.
எரிமலைப் பல்லியின் பசியை
அறுபதில் சொல்லிவிடலாம். மிச்சம்கூட இருக்கும்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது, மோயாரு.
மூடுபனி உடம்பு. அழிரப்பர் அளவு.
தாக்கத் தெரியாது.
மழை நாளில், கடைசி மணிக்குப் பிறகு,
வாசல் காலணி அடுக்கில்
பெயர் ஒட்டாத பதினேழாம் அறையை
மூன்று முறை திறந்து மூடு.
நான்காம் முறை உள்ளே இருக்கும்.
உயிரேடு சொல்வது:
'யாரும் கூப்பிடாததால் தன் பெயரை மறந்தது.'

வெளியான பதினோராம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.
அப்புறம் ஆரம்பித்தது புலன்விசாரணை.
தீ விபத்தில் இறந்த மாணவி என்றான் ஒருவன்.
இல்லை, தலைமையாசிரியரின் மகள்,
நூலகத்தில் கிழிந்த பக்கமே சாட்சி என்றாள் இன்னொருத்தி.
(பக்கம் கிழியவில்லை.
படம் வரைந்த ஷிகெனோபு பிரசவ விடுப்பில் போய்விட்டாள்.)
இசையறைப் பியானோவில்
கறுப்புக் கட்டைகள் சரியாகப் பதினேழு என்று
ஒரு குழந்தை எண்ணிச் சொன்னது.
நான் எண்ணியதே இல்லை.

யாரும் சாகவில்லை, பிள்ளைகளே.
அவள் பெயர் இகுயோ.
ஒதாரு துறைமுகம், எட்டாம் வகுப்பு.
அப்பாவுக்கு மீன் பதப்படுத்தும் வேலை.
மே மாதம் ஒருத்தி மூக்கைப் பிடித்தாள்.
ஜூனில் முப்பத்துநாலு பேரும்
அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தோம்.
முப்பத்துநாலில் நான் ஒருத்தி.
தனியாக நான் எதுவும் செய்யவில்லை;
அதைத்தான் செய்தேன்.

ஒருமுறை அழிரப்பர் கேட்டாள்.
சன்னலைப் பார்த்தேன்.
சன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவரில் ஒரு குழாய்,
வளைவில் நீலத் துணி சுற்றியிருக்கும்.
அந்தக் குழாயை இன்றைக்கும் வரைவேன்.
அவள் முகம் வராது.
மோயாருவுக்குக் கண் இல்லாதது அதனால்தான்;
'துணிச்சலான வடிவமைப்பு' என்றது ஒரு பத்திரிகை.

கோடை விடுமுறை முடிந்து போனால்
பதினேழாம் அறையில் பசைத் தடம் மட்டும்.
வருகைப்பதிவில் பதினாறுக்கு அப்புறம்
வாத்தியார் பதினெட்டைக் கூப்பிட்டார்.
குரல் எங்கும் தடுக்கவில்லை.

பிப்ரவரியில் அவோமோரியிலிருந்து ஓர் அஞ்சலட்டை.
ரெந்தாரோ, வயது ஒன்பது, பென்சில் எழுத்து:
'மோயாருவை நான் பிடிக்கவில்லை.
கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன்.
மறுநாளும் அங்கேயே இருந்தது.
அதற்கு வெளியே போகத் தெரியாதா,
நீங்கள் எழுதவில்லையா?'

எழுதவில்லை.
பிடி, தாக்கு, ஓடு. மூன்றே பொத்தான்.
ஓடுவதும் நீதான், அது அல்ல.

நான்காவது ஒன்று வேண்டும் என்றேன்.
'என்ன பொத்தான்?'
பேசு.
'பேசினால் அது என்ன சொல்லும்?'
ஓனோதெராவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
இரண்டு நாள் கொடுத்தார்.

கீழே தெருவில் பனிவாரி வண்டி
போய்த் திரும்பி வந்து மறுபடி போனது.
அறுபது எழுத்தும் காலி. சுட்டி துடிக்கிறது.
'பரவாயில்லை' என்று அடித்தேன். அழித்தேன்.
அவள் வாயில் அதை வைக்க நான் யார்?

ஏப்ரலில் புதிய பதிப்பு வந்தது.
பேசு என்பதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.
மோயாரு உன்னைப் பார்க்காது, பார்க்கக் கண் ஏது.
திரை ஒரு நொடி அப்படியே நிற்கும்.
பிறகு உன் பையைத் திறந்து பார்.
பேனா இரண்டு, ரொட்டி, வரைபடம்.
அழிரப்பர் இருந்த இடம் காலியாக இருக்கும்.

பிழை என்று இதுவரை
நாற்பத்தொரு புகார்கள் வந்திருக்கின்றன.